எந்த விரல்?

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

அம்மா இன்று கழனியிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தாள். வலது காலில் செருப்பு, இடது காலில் சேறு. இன்னொன்று எங்கே என்று கேட்டதற்கு, குனிந்து காலைப் பார்த்துவிட்டு, ஏதோ நான்தான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி என்னை முறைத்தாள். தம்பி வீரமணி பைக்கில் போய் வாய்க்கால் ஓரத்திலிருந்து எடுத்துவந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டும் வந்திருக்கிறான். சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே பேச்சு, அதே சிரிப்பு. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

தூக்கம்: நன்று. வலி: இடது முழங்கால், கொஞ்சம்.

இது பழக்கதோஷம். இந்திய கால்பந்து அணியில் இருந்த பதினாறு வருஷமும், கேம்ப் என்றால் தினமும் இப்படி எழுதி பிசியோவிடம் காட்ட வேண்டும். அணியை விட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது காட்ட ஆளில்லை. கை மட்டும் எழுதுகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

களையெடுப்பு. லீவு நாள்தானே என்று நானும் போனேன். வரப்பில் நின்று பார்த்தால், குனிந்து களை பறிக்கிற ஐந்து பெண்களின் முதுகிலும் 3 என்று எழுதியிருக்கிறது. ஐந்திலும் என் பெயர். ஜெயசுதா, ஜெயசுதா, ஜெயசுதா.

வெயிலுக்காகப் புடவைமேல் சட்டை போட்டுக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. புருஷன் சட்டையோ மகன் சட்டையோ போடுவார்கள். எங்கள் சுத்துக்கேணியில் மட்டும் இந்திய அணியின் சட்டை. நான் வருஷா வருஷம் கொண்டுவந்து பீரோவில் வைத்ததையெல்லாம் அம்மா கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். காத்மாண்டுவில், ஓரமாகப் பந்தோடு பாய்ந்துவரும் அந்த நேபாளத்து விங்கரை ஆட்டம் முழுக்க ஒரு பந்துகூடத் தாண்டவிடாமல் மறித்தேனே, அந்தச் சட்டையைப் பக்கத்து வீட்டு சரண்யா போட்டுக்கொண்டிருந்தாள். கோச் என்னைக் கட்டிக்கொண்டு அழுத சட்டை அது. தோளில் வெற்றிலைச் சாறு.

கோபம் வந்தது, எழுதுவதற்கென்ன. அம்மாவிடம் கேட்டேன்.

"துணி நல்லா கெட்டிடீ. வேர்வ சட்டுனு காஞ்சிடுது. இதுக்குத்தான குடுத்தாங்க?"

யோசித்தால் இதற்குத்தான் கொடுத்தார்கள்.

அம்மா என் ஆட்டத்தை நேரில் பார்த்ததே இல்லை. வீரமணி ஒருமுறை போனில் காட்டியிருக்கிறான். நான் லெஃப்ட் பேக், எதிராளியைத் துரத்துவதுதான் வேலை. அது அம்மாவுக்குப் புரியவில்லை. "நீ மட்டும் ஏண்டி அவங்க பின்னாடியே ஓடற? பந்த நீ வெச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். பதினாறு வருஷத்தில் என் ஆட்டத்தைப் பற்றி அம்மா சொன்ன விமர்சனம் அது ஒன்றுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

விழுப்புரம் ஸ்டேஷனில் நான் டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் இன்று ஒருவர் என்னை உற்று உற்றுப் பார்த்தார். மனசு துள்ளியது. கடைசியில், "நீங்க திருக்கனூர் பஸ்ல டெய்லி வர்றவங்கதானே?" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

திரௌபதை அம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம். தர்மகர்த்தா அரங்கநாதன் மாமா, தீமிதி மே இருபத்து மூன்று என்று நாள் சொன்னார். தீயில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கச் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து முதல் ஆளாக எங்கள் அம்மா எழுந்தாள்.

"தையலம்மாள்னு எழுதிக்குங்க. இந்த வருசம் நான் எறங்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீரமணியைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். நான் முதல்முறை இந்திய கேம்ப்புக்குக் கிளம்பிய அன்று நேர்ந்துகொண்டதாம். அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு ஆட்டத்தில் கணுக்காலில் உதை வாங்கி மாவுக்கட்டோடு வந்திருந்தேன். அப்பா போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அம்மா தனி ஆள். நான் பஸ் ஏறியதும் நேரே கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

"இவ ஆட்டத்த முடிச்சிகினு ரெண்டு காலும் நல்லபடியா வூடு வந்து சேரட்டும், நான் உன் தீயில எறங்கறேன்னு சொன்னேன். வந்து சேந்துட்ட. குடுக்கணுமில்ல?"

பதினாறு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு வைகாசியும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கேம்ப்பிலிருந்து போன் பண்ணினால், எல்லாரும் நல்லபடியா எறங்கினாங்க என்பாள். ஊர்ச் செய்தி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சரிம்மா, சாப்டியாம்மா என்று வைத்துவிடுவேன்.

கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது. திட்டவும் தோன்றுகிறது.

மார்ச் 8, சனி

வாசலிலிருந்து அடுப்படி வரை சிமெண்ட் தரையில் சிவப்பாக இடது காலடி. ஒன்று விட்டு ஒன்று, இடது மட்டும். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்று ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். வெட்டிய கரும்பின் அடிக்கட்டை குத்திப் பாதத்தில் இத்தனை பெரிய ஓட்டை. அவளுக்குத் தெரியவே இல்லை. "யாரு கால்ல ரத்தம்?" என்று எங்களைக் கேட்கிறாள்.

வீரமணி பெண்டாட்டி செல்வகுமாரி சுகாதார நிலையத்தில் நர்ஸ். காயத்தைக் கழுவிக் கட்டினாள். பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அத்தை கண்ண மூடுங்க என்றாள். ஈர்க்கு நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எந்த விரல் என்று கேட்டாள். வலது காலில் பரவாயில்லை. இடது காலில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் அம்மாவுக்குத் தெரியவில்லை.

சர்க்கரை வந்து எட்டு வருஷம். மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு.

செல்வகுமாரி என்னைத் தனியாக அழைத்து, "அன்னிக்கு செருப்பு கழண்டதும் இதான் அண்ணி" என்றாள். அன்று எப்படிச் சிரித்தோம்.

மார்ச் 12, புதன்

லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ஜிப்மர் ஆஸ்பத்திரி. நரம்பு மரத்துப்போயிருக்கிறது, வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் நடக்கக் கூடாது, ஒரு சின்னப் புண் ஆறாமல் போனாலும் காலை எடுக்கிற நிலைமை வரலாம் என்றார் டாக்டர். நான் தீமிதியைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். 

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் முகத்தில் கவலையே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். வில்லியனூர் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து ரகசியம் மாதிரி சொன்னாள்.

"பாத்தியா? எனக்குச் சுடக் கூடாதுன்னு அம்மனே முன்னாடியே கால மரக்க வெச்சிட்டா."

என்னத்தச் சொல்றது இவகிட்ட. சுடறதுதான் தெரியாது. வெந்துபோறது வெந்துதானே போவும்? டாக்டர் சொன்னா காதுல ஏறாது, நான் சொன்னா ஏறாது — கடவுளே, எம்மா, உனக்கு எப்பதான் புரியும்.

அழுகையாக வருகிறது. பஸ்ஸில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அம்மா மீதிக் கடலையை என் கையில் கொட்டினாள்.

மார்ச் 16, ஞாயிறு

அரங்கநாதன் மாமாவைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் கேட்பாள் என்றேன். அவர் வெகுநேரம் மீசையைத் தடவினார். பிரார்த்தனையை நிறுத்து என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லையாம். ஆனால் ரத்த சொந்தம் யாராவது அவள் பெயரில் இறங்கலாம், அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்றார்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் இறங்குகிறேன் என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கால காப்பாத்துனு கேட்டனோ அந்தக் காலயே தீயில வெக்கறியா? அதுக்கு நான் கேக்காமலே இருந்திருக்கலாமே."

 வீரமணி, நான் வேணா எறங்கட்டுமா என்றான். உனக்காகவா வேண்டிகினேன் என்று ஒரே போடாகப் போட்டாள். பாவம், அவன் முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 20, வியாழன்

ரோஸ்லின் போன் பண்ணினாள். எங்கள் அணியின் கோல்கீப்பர், பல வருஷம் ஒரே அறையில் என்னோடு குறட்டை விட்டவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கம்மாவுக்கு பிட்னஸ் டெஸ்ட் வச்சிடு" என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு மனசுக்குள் எங்கோ மணி அடித்தது. கேம்ப்பில் நீ ஆடக் கூடாது என்று எந்த கோச்சும் சொன்னதில்லை. டெஸ்ட் சொல்லும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியானாலும் டெஸ்ட்டில் பாஸானால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொள்ள ஆள் இருக்காது.

மார்ச் 21, வெள்ளி

அம்மாவிடம் பேசினேன். சண்டை போடாமல், ஒரு ஆட்டக்காரி இன்னொரு ஆட்டக்காரியிடம் பேசுகிற மாதிரி. டெஸ்ட் என்றால் என்ன, ஏன் வைப்பார்கள், எல்லாம் சொன்னேன்.

நீ எல்லாத்துலயும் பாஸா என்று கேட்டாள். பதினாறு வருஷமும் பாஸ் என்றேன். அப்ப நானும் பாஸ்தான் என்றாள்.

ஒப்பந்தம் இதுதான். காப்பு கட்டுவதற்கு முந்தின ஞாயிறு டெஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலையும் சரியாகச் சொன்னால் அம்மா தீயில் இறங்குவாள், நான் வாய் திறக்கக் கூடாது. ஒன்று தப்பினாலும் இறங்கக் கூடாது. அதுவரை மாத்திரை, நடை, பின்வார் வைத்த செருப்பு, தினமும் காலைக் கழுவி ஈரம் போகத் துடைப்பது, எல்லாம் நான் சொல்கிறபடி. செல்வகுமாரி சாட்சி.

அம்மா கையை நீட்டிச் சத்தியம் செய்தாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றைய ஒத்திகையில் ஆறு விரல் சரி, நாலு தப்பு. நடுவர் சரியில்லை என்கிறாள் அம்மா.

ஏப்ரல் 6, ஞாயிறு

தினமும் ஸ்டேஷனிலிருந்து வந்ததும் அம்மாவின் காலை மடியில் வைத்துப் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயதில்தான் அம்மாவின் பாதத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். குதிகாலில் நாலு வெடிப்பு. ஒன்றில் சேறு நிரந்தரமாகவே குடியிருக்கிறது. சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் சுண்டுவிரலும் அப்படித்தான். பூட்ஸ் பண்ணின வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் காலை எத்தனை பேர் இப்படி மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிசியோ, டாக்டர், மசாஜ் பண்ணுகிறவர்கள். ஐஸ், டேப், எக்ஸ்ரே, ஸ்கேன். அந்தக் காலுக்கு நேர்ந்த கடனை இந்தக் கால் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பத்துக்குப் பத்து! நம்ப முடியவில்லை. இரண்டு தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவையும் சரி.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வடை, பாயசத்தோடு திருட்டும் பிடிபட்டது.

டெஸ்ட் நடக்கும்போதெல்லாம் வீரமணி எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பான். அவனுக்கு இருமல். இன்று கவனித்தேன். கட்டைவிரலைத் தொட்டால் ஒரு இருமல், அடுத்ததற்கு இரண்டு, சுண்டுவிரலுக்கு ஐந்து. தொண்டை கிழிய இருமுகிறான் மடையன். இடமா வலமா என்று எப்படித் தெரியும் என்றால், அதற்குப் பேப்பரை மடிக்கிற சத்தமாம். அணி முழுக்க ஜாடையில் பேசிக்கொண்டு ஆடியவளிடமே ஜாடையா.

அம்மாவைக் கேட்டால், "அவன் இருமினா நான் இன்னா பண்றது" என்கிறாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். செல்வகுமாரி சிரித்துச் சிரித்துப் பாயசத்தைக் கொட்டிவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வீரமணியின் முதுகில் இரண்டு வைத்தேன்.

இனிமேல் டெஸ்ட் சமயத்தில் அவன் தெருவில்.

ஏப்ரல் 24, வியாழன்

சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. அம்மா விடியற்காலையில் 3-ஆம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு, பின்வார் செருப்போடு ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறாள். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம் ட்ரெய்னிங் என்றாளாம். எட்டு சரி சொல்கிறாள் இப்போது. யாரும் இருமாமல்.

நான் எதை வேண்டிக்கொள்கிறேன் என்றே தெரியவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகச் சரியாகச் சொல்லும்போது சந்தோஷமாக இருக்கிறது. சபாஷ் என்று கத்துகிறேன். பிறகுதான் பத்தும் சரியானால் என்ன ஆகும் என்று ஞாபகம் வருகிறது. தேறவும் வேண்டும், தேறவும் கூடாது. கோச்சுகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

மே 4, ஞாயிறு

டெஸ்ட்.

அம்மா தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். செல்வகுமாரி பக்கத்தில். வீரமணி தெருவில். ஈர்க்கை எடுத்தேன். பெனால்ட்டி அடிக்கப் போகும்போதுகூட இப்படிப் பயந்ததில்லை.

அம்மா எண்ணிப் பிடித்துவிடாதபடி வரிசை மாற்றி, சில விரலை இரண்டு தடவையும் தொட்டேன். வலது காலில் ஐந்தும் சரி. இடது சுண்டுவிரல், சரி. அதன் பக்கத்து விரல், சரி. நடுவிரல், கொஞ்சம் யோசித்துச் சொன்னாள், சரி. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலும் சரி. ஒன்பது.

கட்டைவிரலில் ஈர்க்கை வைத்தேன். 

"தொட்டியா?"

"தொட்டுட்டேம்மா."

"இன்னொரு தபா தொடு."

இந்த முறை அழுத்தியே வைத்தேன். அப்போது அம்மா இடது கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். அவள் திருடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் திருடட்டும் என்று நான் அசையாமல் இருந்தேன். ஈர்க்கு வில் மாதிரி வளைந்து கட்டைவிரலில் அழுந்தி நிற்பதை அம்மா பார்த்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்துக்குப் பத்து.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியலடீ."

காலை மெதுவாக என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மே 5, திங்கள்

யாரும் பேசவில்லை. வீரமணிகூட இருமவில்லை.

மே 7, புதன்

சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் இரண்டு பேரும் உருவினோம்.

அணியில் என்னை யார் வேண்டாம் என்று சொன்னது என்று கேட்டாள். வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. போதும் என்று வந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன், எல்லாரும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

யாரும் சொல்லவில்லை என்றேன். கடைசி கேம்ப்பில், பயிற்சி ஆட்டத்தில், பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி என் பக்கமாக மூன்று தடவை தாண்டிப் போனாள். மூன்றாவது தடவை அவள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். பயிற்சியில் என்னோடு ஆடுகிறவளின் சட்டையை நான் இழுத்ததே இல்லை. அன்று சாயங்காலமே கோச்சிடம் போய், என் இடத்தில் வேறு பெண்ணைப் போடுங்கள் என்று சொன்னேன். யோசித்துச் சொல் என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். தேங்க்யூ என்று கை கொடுத்தார். அதுதான் வலித்தது.

அம்மா கீரையைக் கீழே வைத்தாள்.

"அழுதியா?"

"பாத்ரூம்ல. கொழாயத் தொறந்து வுட்டுட்டு."

"நான் பம்புசெட்டுல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கம் போனாளே, அன்றைக்கு. கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். கீரை வாசம் இரண்டு கையிலும்.

பிறகு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாள். முதல்முறையாக, ஒழுங்காக. ஆட்டம் நடக்கும்போது ஒருத்தி வெளியே வந்து இன்னொருத்தி உள்ளே போகிறாளே, வெளியே வருகிறவள் என்ன செய்வாள்? சொன்னேன். கோட்டுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டுவாள், உள்ளே போகிறவள் அதில் தட்டிவிட்டுப் போவாள். அவ்வளவுதான். கோபம் இருந்தாலும் கை நீட்ட வேண்டும்.

அம்மா காம்பையெல்லாம் பொறுக்கி முறத்தில் சேர்த்தாள்.

"ஆட்டம் முடியற வரைக்கும்தான் உன் கால அந்த அம்மன்கிட்ட குடுத்து வெச்சிருந்தேன். முடிஞ்சிபோச்சி. இனிமே அது உன் காலு. நீ எறங்கு."

மே 9, வெள்ளி

காப்பு கட்டியாகிவிட்டது. அம்மாவின் பெயரை அடித்துவிட வேண்டாம், அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதுங்கள் என்று அரங்கநாதன் மாமாவிடம் சொன்னேன். தீமிதி வரை மஞ்சள் புடவை, பாய்ப் படுக்கை, கவுச்சி கிடையாது, ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது. மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கோடு டிக்கெட் கொடுக்கிறேன். இப்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

மே 18, ஞாயிறு

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ஓடக் கூடாது, நடக்கணும், அது மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ" என்றாள். கோச் ஆகிவிட்டாள்.

மே 24, சனி

நேற்று எழுத முடியவில்லை.

பொழுது சாயும் நேரம். குளித்து, ஈரப் புடவையோடு வரிசையில் நின்றோம். பறையும் பம்பையும் காதைப் பிளந்தன. தீக்குழியில் நெருப்பைத் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். பக்கத்தில் நிற்கவே முகம் எரிந்தது. ஆட்டத்துக்கு முன்னால், தேசிய கீதம் பாட வரிசையில் நிற்கிற மாதிரியே இருந்தது. பக்கத்தில் ரோஸ்லின் இல்லை, அதுதான் வித்தியாசம்.

குழியின் ஓரம் அம்மா நின்றிருந்தாள். கோயில் மைதானத்தில் செருப்பு போடக் கூடாது, வெறுங்காலில் நிற்கவும் கூடாது. செல்வகுமாரி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மஞ்சள் புடவைக்குக் கீழே, முழங்கால் வரை இழுத்துவிட்ட என் நீல நிற ஆட்டக் காலுறை. இந்திய அணியின் காலுறை. அரங்கநாதன் மாமா ஒரு தடவை காலைப் பார்த்தார், ஒரு தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் முறை வந்தது. அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, சரியாக நான் சொன்ன மாதிரியே. தட்டினேன். தட்டிய கையை ஒரு நொடி பிடித்திருந்து, பிறகு விட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஓடவில்லை. நடந்தேன்.

அந்தப் பக்கம் பால்குழியில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு சுற்றி ஓடிவந்தாள், நீலக் காலுறையோடு. என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"சுட்டுச்சா?"

"சுட்டுச்சிம்மா."

"நல்லது" என்றாள். "அப்ப நல்லாத்தான் இருக்குது காலு."

அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம். வீரமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஜூன் 1, ஞாயிறு

அம்மா இன்று கழனியிலிருந்து இரண்டு செருப்போடும் வந்தாள். கை கால் கழுவி, துடைத்து, நான் சொல்லாமலே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மடியில் காலை வைக்க வரப்போகிறாள் என்று நான் ஈர்க்கை எடுத்துவைத்திருந்தேன். வந்து உட்கார்ந்தவள் ஈர்க்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உன் கால நீட்டு. கண்ண மூடு."

இடது சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம், அவ்வளவுதான் தீயில் எனக்கு ஆனது. செல்வகுமாரி தினமும் மருந்து வைக்கிறாள், வற்றிவிட்டது. அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். எந்த விரல், எந்த விரல். சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்பதும் சரி.

பத்தாவது எதுவென்று சொல்ல முடியவில்லை. ஈர்க்கின் குத்தலே இல்லை. இடது கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். அம்மா ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டு, என் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு தடவை விழுந்து முளைத்த கறுப்பு நகம், கணுக்காலில் தையல் போட்ட தழும்பு, வளைந்துபோன சுண்டுவிரல்.

"இந்தக் காலுக்கா நான் அவ்ளோ வேண்டிகினேன்?" என்றாள். விடவில்லை, பிடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

தூக்கம்: நன்று. வலி: இடது சுண்டுவிரலுக்குக் கீழே, கொஞ்சம். காட்ட வேண்டியவளிடம் காட்டியாகிவிட்டது.